மூன்றாவது பாட்டில் ஓர் இருமல்

பதினோராவது தடவையும் இருமல் வரவில்லை.

தராசு நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கண்ணை இறுக மூடி, வலது காதைப் பின்பக்கமாகத் திருப்பிக்கொண்டு காத்திருந்தார். மூன்றாவது பாட்டு நாலு நிமிடம் பன்னிரண்டாவது நொடியில் சட்டென்று நின்றுவிடும். கிடார், டிரம்ஸ், பின்பாட்டு எல்லாம் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொள்ளும். இரண்டே நொடி நிசப்தம். அப்புறம் தலைவர் அடித்தொண்டையிலிருந்து ஒரு கத்து கத்துவார், எல்லாம் பழையபடி கிளம்பும். அந்த இரண்டு நொடிக்குள் வலப்பக்கப் பின் ஸ்பீக்கரிலிருந்து இருமல் வரவேண்டும். நிசப்தம் வந்தது, கத்தலும் வந்தது, இருமலை மட்டும் காணோம்.

“வரல” என்றார் வாய்விட்டு.

“காலையிலேர்ந்து இருமல் வரல, இருமல் வரலன்னு புலம்பிக்கிட்டே இருக்கீங்க” என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து. “இருமல் வரலைன்னா நல்லதுதானேங்க?”

“உனக்குப் புரியாது.”

“புரியிற மாதிரி எதையாவது செஞ்சாத்தானே.”

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. எடை அளவுத் துறையில் ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை வைக்கிற உத்தியோகம். ஐந்து கிராம் குறைந்தால்கூடக் கடைக்காரரை ஏற இறங்கப் பார்ப்பார். இருபத்தெட்டு வருடமாக இதையே செய்ததில் அலுவலகம், கடைத்தெரு, உறவு என்று எல்லோருக்கும் அவர் தராசு ஆகிவிட்டார். மனைவி மட்டும் இன்னும் அப்படிக் கூப்பிட ஆரம்பிக்கவில்லை, மனசுக்குள் கூப்பிடுகிறாளோ என்னவோ.

தலைவர் என்பது ஒரு ராக் பாடகர். அவர் மேடையேறி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் அவருடைய பழைய ஆல்பங்களை ஒலிப்பதிவுக் கம்பெனி ஒவ்வொன்றாகத் தூசி தட்டி, ஒலியைப் பிரித்துக் கழுவிக் காயப்போட்டு, ஐந்து ஸ்பீக்கரில் சுற்றிச் சுற்றிக் கேட்கிற மாதிரி ரீமாஸ்டர் பண்ணிக் கனமான பெட்டியில் போட்டு வெளியிட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பெட்டி வரும்போதும் தராசு அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கூரியர்காரருக்காக வாசலில் நிற்பார்.

இப்படி நிற்கிறவர்கள் ஊரில் எட்டுப் பேர் இருந்தார்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யாராவது ஒருவர் வீட்டில் கூடிக் கேட்பார்கள். வட்டம் என்று அதற்குப் பேர். அதில் ஒரு சிக்கல். ஐந்து ஸ்பீக்கரின் ஒலியும் சரிசமமாக வந்து சேருகிற இடம் ஓர் அறையில் ஒன்றே ஒன்றுதான். அங்கே ஒரு நாற்காலிதான் போடமுடியும். மற்ற ஏழு பேரும் ஓரஞ்சாரமாக உட்கார்ந்து, நடு நாற்காலிக்காரரின் முகம் எப்படியெல்லாம் மலர்கிறது என்று பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

அந்த நாற்காலி யாருக்கு என்பதற்கு வட்டத்தில் ஒரு நோட்டு உண்டு. பழைய பதிவில் யாருக்கும் கேட்காத ஒன்றைப் புதிய பதிவில் கண்டுபிடித்தால் அதில் எழுதலாம். முதல் பாட்டில் யாரோ ஸ்டூலை நகர்த்துகிறார்கள், ஐந்தாவது பாட்டில் கிடார்காரர் மூச்சை இழுக்கிறார், இந்த மாதிரி. பெரிய கண்டுபிடிப்பு எவருடையதோ, அடுத்த பெட்டி வரும்வரை நாற்காலி அவருடையது. தொடர்ந்து நாலு பெட்டிக்கு நாற்காலி தராசிடமே இருந்தது. அலுவலகத்தில் இரண்டு முறை பதவி உயர்வு கைநழுவியபோதுகூட, போகட்டும், நமக்கென்று ஒரு நாற்காலி இருக்கிறது என்றுதான் மனசைத் தேற்றிக்கொண்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை அது பறிபோனது. பறித்தவர் வேறு யாருமில்லை, சொந்தச் சகலை.

மனைவியின் தங்கையைக் கட்டியவர். லிஃப்ட் கம்பெனியில் மேற்பார்வையாளர். அவருக்குத் தலைவரை அறிமுகம் செய்ததே தராசுதான். கல்யாணமான புதிதில் ஒரு கேசட்டைக் கையில் கொடுத்தபோது, “யாருக்கோ பல்வலி போலிருக்கே அண்ணே” என்று கேட்ட ஆள். அந்த ஆள் தன் வீட்டில் நடந்த வட்டத்தில், ஆறாவது பெட்டியின் மூன்றாவது பாட்டைப் போட்டு, நாலு நிமிடம் பன்னிரண்டாவது நொடியில் விரலை உயர்த்தினார். நிசப்தம். வலப்பக்கம் பின்னாலிருந்து, சின்னதாக, கூச்சத்தோடு, ஓர் இருமல்.

எட்டுப் பேரும் கேட்டார்கள். தராசுவும்தான் கேட்டார். நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

“தலைவரோட இருமல்” என்றார் சகலை, தாழ்ந்த குரலில். “அழுகைய அடக்கிக்கிட்டு இருமறார். அதுக்கப்புறம்தான் அந்தக் கத்து.”

“வறட்டு இருமல்” என்றார் வட்டத்தில் இருந்த மாட்டு டாக்டர். “சளி இல்ல. மனசு சம்பந்தப்பட்டது.”

நோட்டு எழுதுகிற வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினார். சகலை தராசுவைப் பார்த்து, “அண்ணே, கொஞ்சம் எந்திரிக்கிறீங்களா?” என்றார். தராசு நடு நாற்காலியிலிருந்து தம் கண்ணாடி, கைக்குட்டை, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு எழுந்தார். வட்டத்தில் ஒருவர் கை தட்டினார். தராசுவும் தட்டினார், உள்ளுக்குள் வயிறு பற்றி எரிந்தது.

எரிச்சலோடு வீட்டுக்கு வந்து அதே பெட்டி, அதே பாட்டைப் போட்டால், இருமல் இல்லை.

அதுதான் அவரைத் தூங்கவிடவில்லை. சகலைக்கு முதலில் கேட்டது என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சகலைக்கு மட்டும் கேட்கிறது என்பதை எப்படிப் பொறுப்பது? ஒரே கம்பெனி, ஒரே பெட்டி. ஒரு கடைத் தராசில் வருகிற எடை இன்னொரு தராசில் வரவில்லை என்றால் எங்கோ தில்லுமுல்லு இருக்கிறது என்று அர்த்தம். அது அவர் தொழில் சொல்லிக்கொடுத்த பாடம்.

பெட்டிக்குள் இருக்கிற குறுந்தகடுதான் கோளாறு என்று முடிவு கட்டினார். மறுநாள் கடைவீதி சோதனைக்குப் போகிற வழியில் சகலை வீட்டில் நுழைந்தார். சகலை வேலைக்குப் போயிருந்தார்.

“வாங்க அத்தான், என்ன இந்த நேரத்துல?” என்றாள் கொழுந்தியாள்.

“சும்மா இந்தப் பக்கம் வந்தேன். ஒரு டீ கிடைக்குமா?”

அவள் உள்ளே போனதும் தராசு அலமாரியைத் திறந்தார். சகலையின் தகட்டை எடுத்துச் சட்டைக்குள் செருகினார், தம் பையிலிருந்த தகட்டை அந்த இடத்தில் வைத்தார். திரும்பினால், பின்னறை வாசலில், அப்போது இளைய மகள் வீட்டில் தங்கியிருந்த மாமனார் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார்.

மாமனார் எல்லாவற்றையும் பார்த்திருந்தார். ஆனால் அவர் மாப்பிள்ளைகளை ஒரு வார்த்தை கேட்கிற மனிதர் இல்லை. “வாங்க மாப்பிள்ளை, சௌக்கியமா?” என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். தராசு டீயைக் குடிக்காமலே கிளம்பினார்.

வீட்டில் வந்து சகலையின் தகட்டைப் போட்டார். நிசப்தம், கத்தல். இருமல் இல்லை.

சாயங்காலம் சகலையிடமிருந்து போன் வந்தது.

“அண்ணே, இன்னைக்கு இருமல் இன்னும் தெளிவா கேக்குது. ரெண்டு தடவை இருமறார். முதல்ல ஒண்ணு, உடனே இன்னொண்ணு. தகடு ஓட ஓடப் பழகுது போலிருக்கு.”

சகலை வீட்டில் இப்போது ஓடுவது தராசுவின் தகடு. அவர் வரிசையில் நின்று முன்பதிவு செய்து, கூரியர்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கிய தகடு. அது போயும் போயும் அந்த வீட்டில் இரண்டு தடவை இருமுகிறது.

“நல்லதுப்பா” என்று போனை வைத்தார்.

தகடு இல்லை என்றால் ஸ்பீக்கர். ஸ்பீக்கர்காரரை வரவழைத்தார். அவர் ஸ்பீக்கர்களைத் தட்டிப் பார்த்தார், தரையில் ஒருமுறை குதித்துப் பார்த்தார், கை தட்டி எதிரொலி கேட்டார்.

“ஸ்பீக்கர்லாம் தங்கம் சார். அந்த அலமாரிதான் சத்தத்தைக் குடிக்குது.”

“அலமாரி குடிக்குதா?”

“பின்னே? உள்ள பூராத் துணி. துணி இருக்கே, அது முதல்ல குடிக்கிறதே சின்னச் சின்னச் சத்தத்தைத்தான். இருமல், பெருமூச்சு, இதெல்லாம் அதுக்கு மிட்டாய் மாதிரி.”

ஆறடி அலமாரி, கணவன் மனைவி இருவருடைய துணிமணியும் அதில்தான். தராசு இரண்டு ஆட்களைக் கூட்டிவந்து அதைக் கூடத்திலிருந்து பின்னறைக்கு நகர்த்தினார். நகர்த்துவதற்கு முன் எஃகு நாடாவால் அளந்தும் பார்த்தார். வாசல் அகலம் சரியாக இருந்தது. அலமாரியின் கைப்பிடியை மட்டும் அளக்க விட்டுவிட்டார்.

பாதி போய் அலமாரி வாசலில் சிக்கிக்கொண்டது. முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. அதன் கதவுகள் நிலைச் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டதால் உள்ளே கை விடவும் முடியாது. ஆட்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “தச்சரைக் கூப்பிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தச்சர் நாலு நாள் கழித்துத்தான் வருவேன் என்றார்.

“என் துணியெல்லாம் அதுலதாங்க இருக்கு” என்றாள் மனைவி.

“என் துணியும்தான் இருக்கு. நான் சத்தம் போடறேனா?”

“நீங்க போடற சத்தத்துலதான் அது அங்க போய் மாட்டிக்கிட்டு நிக்குது.”

கொடியில் காய்ந்துகொண்டிருந்தது ஒரே ஒரு பனியன், அலுவலக விளையாட்டு விழாவில் கொடுத்தது. முதுகில் ஏழாம் நம்பர். அதைப் போட்டுக்கொண்டுதான் மறுநாள் மளிகைக் கடைக்குச் சோதனைக்குப் போனார். கடைக்காரர் எடைக்கற்களை எடுத்து வைத்துவிட்டு, “சார், இன்னைக்கு மேட்ச் எத்தனை மணிக்கு?” என்று மரியாதையாகத்தான் கேட்டார். தராசு அந்தக் கடைத் தராசை மூன்று தடவை சோதித்தார்.

அலமாரி போன கூடத்தில் ஒலி கணீர் என்று இருந்தது. இருமல் மட்டும் இல்லை.

அப்படியானால் மிச்சம் இருப்பது காதுதான். அந்த நினைப்பு வந்தபோது தராசுவுக்கு நிஜமாகவே பயம் பிடித்தது. நாற்காலி போனதுகூடப் பரவாயில்லை. இத்தனை வருடமாகத் தாம் கேட்ட தலைவர் முழுத் தலைவர் இல்லையோ, சகலை கேட்பதுதான் அசலோ என்று தோன்றியதும் சோறு இறங்கவில்லை. காது டாக்டரிடம் போனார்.

ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, டாக்டர் வெளியிலிருந்து மைக்கில் சொன்னார்: “எவ்வளவு மெல்லிசா சத்தம் கேட்டாலும் கையைத் தூக்குங்க.”

தராசு கையைத் தூக்கினார். இறக்கினார். மறுபடி தூக்கினார். இடது கையையும் தூக்கினார். சகலைக்குக் கேட்கிற எதுவும் தமக்குக் கேட்காமல் போய்விடக் கூடாது என்று வரிசையாகத் தூக்கிக்கொண்டே இருந்தார்.

“சார்” என்றார் டாக்டர். “நான் இன்னும் மெஷினையே போடல.”

கடைசியில் காது நன்றாக இருப்பதாகத்தான் சொன்னார். கொஞ்சம் அழுக்கு இருந்தது, எடுத்துவிட்டார். அன்றிலிருந்து தராசுவுக்கு உலகமே கேட்க ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டுவது, மின்விசிறியின் முனகல், மனைவி அவரைப் பற்றிப் போனில் தங்கையிடம் மெதுவாகப் பேசுவது. எல்லாம் கேட்டது. கேட்கவேண்டிய ஒன்றுதான் கேட்கவில்லை.

இந்த நிலையில்தான் சகலை மறுபடி போன் செய்தார்.

“அண்ணே, தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்ல அந்த இருமல் கேக்கவே இல்லையாமே? என் வீட்டுக்காரி சொன்னா. பாவம் அத்தான், அலமாரியெல்லாம் உடைக்கிறாராம்னு.”

பாவம் என்ற சொல்லை அவரால் தாங்கமுடியவில்லை.

“யார் சொன்னது? நல்லாக் கேக்குதே” என்றார் தராசு. “உன் வீட்டைவிடத் தெளிவாவே கேக்குது. ரெண்டு தடவை இருமிட்டு, தொண்டையச் செருமறாரே, அதுகூடக் கேக்குது. உனக்குக் கேக்கலையா?”

சகலையின் குரல் இறங்கிவிட்டது.

“செருமறாரா?”

“ஆமா.”

“அப்படின்னா அடுத்த வட்டம் உங்க வீட்லயே வச்சுக்கலாம் அண்ணே. நாங்களும் கேக்குறோம். வாத்தியார்கிட்ட நான் சொல்லிடறேன்.”

போனை வைத்த பிறகுதான் தராசுவுக்குத் தாம் செய்த காரியம் உறைத்தது. இரண்டு வாரம் கழித்து ஏழு பேர் வந்து உட்காரப் போகிறார்கள். நாலு நிமிடம் பன்னிரண்டாவது நொடியில் ஒன்றும் வராது. பொய் எடை காட்டியவன் என்று நோட்டில் ஏறிவிடும். இனி எந்தப் பெட்டிக்கும் நாற்காலி கிடையாது. வட்டத்தில் ஓரத்து ஸ்டூல்கூடக் கிடைப்பது சந்தேகம்.

வட்டத்தை எப்படித் தள்ளிப்போடுவது என்று அவர் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது மனைவி கெடு வைத்தாள்.

“வெள்ளிக்கிழமை அப்பா வர்றார். இனி ஆறு மாசம் நம்ம வீடு. அவருக்குப் பின்னறை வேணும். அதுக்குள்ள அந்த அலமாரி போகணும். இல்ல, நான் போறேன்.”

வியாழக்கிழமை தச்சர் வந்தார். நிலைச் சட்டத்தைக் கழற்றி, அலமாரியை விடுவித்து, படுக்கையறையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, சட்டத்தைத் திரும்ப மாட்டினார். இப்போது புதிய தொல்லை. வலப்பக்கப் பின் ஸ்பீக்கர், தாங்கியின் காலை நீட்டிக்கொண்டு பின்னறை வாசலை மறித்துக்கொண்டிருந்தது. மாமனார் அதைத் தாண்டி எப்படிப் போய்வருவார்? ஸ்பீக்கர்காரரையே மறுபடி கூப்பிட்டு, வாசலை ஒட்டிய சுவரில் ஆணியடித்து அதை மாட்டச் சொன்னார் தராசு. ஸ்பீக்கர் நாலு சென்டிமீட்டர் தள்ளிப்போயிற்று. ஸ்பீக்கர்காரர் போகும்போது, “இனிமே கொஞ்சம் சத்தம் கூட்டி வைங்க சார். சுவரு சூடாகணும், அப்பத்தான் வேலை செய்யும்” என்று ஒரு யோசனையும் சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை மாமனார் ஒரு பெட்டியோடும் ஒரு போர்வையோடும் வந்து இறங்கினார். இருக்கிற இடம் தெரியாத மனிதர். கொடுத்ததைச் சாப்பிடுவார், கொடுக்காவிட்டால் கேட்கமாட்டார். அவர் அறைக்கு வெளியே ஸ்பீக்கரைத் தொங்கவிட்டிருப்பது தராசுவுக்கே கொஞ்சம் உறுத்தியது.

“மாமா, நான் கொஞ்சம் பாட்டு போடுவேன். உங்களுக்குத் தொந்தரவா இருக்குமா?”

“சேச்சே, என்ன மாப்பிள்ளை நீங்க. தாராளமாப் போடுங்க. பாட்டுன்னா எனக்கும் பிடிக்கும்.”

உத்தரவு கிடைத்துவிட்டது. தராசு அன்றும் மறுநாளும் சுவரை நன்றாகச் சூடாக்கினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மேஜைமேல் இருந்த ஸ்பூன் தானாக நகர்ந்து விளிம்புக்குப் போயிற்று. வட்டத்துக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்றாவது பாட்டைப் போட்டுவிட்டு, பெரிதாக ஒன்றும் எதிர்பார்க்காமல், நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். நாலு நிமிடம் பன்னிரண்டு. நிசப்தம்.

வலப்பக்கம் பின்னாலிருந்து, சின்னதாக, கூச்சத்தோடு, ஓர் இருமல்.

தராசு அசையவில்லை. பாட்டு முடிந்தது. மறுபடி போட்டார். மறுபடி இருமல். மூன்றாவது தடவை போட்டார். இந்தத் தடவை இரண்டு இருமல், அதற்குப் பிறகு, அவர் சகலையிடம் பொய்யாகச் சொன்ன அந்தச் செருமலும் வந்தது.

அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. “இங்க வா. ஓடி வா” என்று மனைவியைக் கூப்பிட்டார்.

அவள் கரண்டியோடு வந்து நின்று கேட்டாள்.

“கேக்குதா?”

“கேக்குதுங்க. யாரோ இருமற மாதிரிதான் இருக்கு.”

“யாரோ இல்லடி. தலைவர்.”

“நல்ல மருந்தா ஏதாவது சாப்பிடச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

நாலு சென்டிமீட்டர். அத்தனை பாடும் ஒரு நாலு சென்டிமீட்டருக்காகத்தான் என்று நினைத்தபோது தராசுவுக்குத் தம் தொழில்மேலேயே புது மரியாதை வந்தது. அன்று அவர் மூன்று வாரத்தில் முதல்முறையாக இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

செவ்வாய்க்கிழமை சகலையின் போன். குரல் ஒரு மாதிரி இருந்தது.

“அண்ணே, உங்களுக்கு அந்த இருமல் இன்னும் கேக்குதா?”

“ஓ, பேஷா.”

“எனக்கு நாலு நாளாக் காணோம்.”

தராசு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டார். இந்த நிமிடம் சீக்கிரம் முடிந்துவிடக் கூடாது என்று இருந்தது.

“காணோமா? நல்லாப் பாத்தியா?”

“தகட்டைத் துடைச்சுப் பாத்துட்டேன். வயரை மாத்திட்டேன். சோபாவைத் தூக்கி வெளியில போட்டாச்சு. அவ மூஞ்சிகுடுத்துப் பேச மாட்டேங்கிறா.”

“அலமாரி இருக்கா கூடத்துல?”

“இருக்கு.”

“துணி சத்தத்தைக் குடிக்கும் சகல. முதல்ல அதை நகர்த்து” என்றார் தராசு, உடன்பிறந்த அண்ணன் மாதிரி. “அப்படியும் வரலைன்னா ஒரு காது டாக்டர் இருக்கார், நம்பர் தர்றேன். நல்ல மனுஷன்.”

சகலையின் பொருமலைப் போனிலேயே கேட்கமுடிந்தது. பொறாமையில் இத்தனை நாள் வெந்துகொண்டிருந்தவருக்கு, அது வேறொருவர் வயிற்றுக்கு மாறிப்போனதில் சொல்லமுடியாத சுகம் இருந்தது. அன்று சாயங்காலமே தகடுகளைத் திருப்பி மாற்றிவிடலாமா என்றுகூடப் பெரிய மனசோடு யோசித்தார். யோசித்ததோடு சரி.

வட்டம் கூடியது. எட்டுப் பேர், கூடத்தில் எட்டு இருக்கை, நடுவில் ஒன்று. சகலைதான் இன்னும் அதற்கு உரிமையாளர் என்பதால் அவர்தான் அதில் உட்கார்ந்தார். ஆனால் முகத்தில் களை இல்லை. அலமாரியை நகர்த்தியதில் கட்டைவிரலில் கட்டுப் போட்டிருந்தார். தராசு ஓரத்து ஸ்டூலில், கையைக் கட்டிக்கொண்டு, வீட்டுக்காரருக்கு உரிய அடக்கத்தோடு உட்கார்ந்திருந்தார். தலைவர் இன்றைக்குக் காலை வாரிவிட்டால்?

சத்தத்தை இன்னும் இரண்டு புள்ளி கூட்டிவைத்தார். மூன்றாவது பாட்டு அலறியது. மாட்டு டாக்டர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். நாலு நிமிடம் பன்னிரண்டு.

நிசப்தம். இருமல். இன்னோர் இருமல். தொண்டைச் செருமல்.

பிறகு வந்த கத்தலை யாரும் கவனிக்கவில்லை. பாட்டு முடிந்ததும் தராசு ஒலியை நிறுத்தினார். வாத்தியார் மூக்கை உறிஞ்சினார்.

“அந்தச் செருமல்” என்றார். “நெஞ்சைப் பிசையுது. நமக்கு என்னமோ சொல்ல வர்றார், சொல்ல முடியல.”

“முத்திப்போச்சு” என்றார் மாட்டு டாக்டர். “போன தடவையைவிட வேதனை அதிகமா இருக்கு.”

“அண்ணன் சொன்னது நெசம்தான்” என்றார் சகலை. அதைச் சொல்ல அவருக்கு உயிர் போயிற்று. கட்டுப் போட்ட கையை ஊன்றி நடு நாற்காலியிலிருந்து எழுந்தார். “வாங்க அண்ணே, உக்காருங்க.”

தராசு உடனே உட்காரவில்லை. நாற்காலியை ஒருமுறை கைக்குட்டையால் துடைத்தார். பிறகு உட்கார்ந்து, இரண்டு கையையும் கைப்பிடிகளில் வைத்தார். ஏழு பேரும் கை தட்டினார்கள். சகலையும் தட்டினார், எப்படி எரிகிறது என்பது தராசுவுக்கு நன்றாகத் தெரிந்தது. வாத்தியார் நோட்டை விரித்து, மூக்குக்கண்ணாடியை மாட்டி, இருமல் இரண்டு, செருமல் ஒன்று என்று எழுதினார். வட்டம் முழுவதும் பேச்சற்று, பேனா ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போது பின்னறைக் கதவு மெதுவாகத் திறந்தது. மாமனார் காலித் தண்ணீர் செம்போடு வெளியே வந்தார். இத்தனை பேரைப் பார்த்ததும் கூச்சப்பட்டு நின்றார். கதவை ஒட்டி உட்கார்ந்திருந்த வாத்தியார் மரியாதைக்கு எழுந்து, பேனாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்:

“ஐயா, உள்ள இருந்த உங்களுக்கும் அந்த இருமல் கேட்டுச்சுங்களா?”

மாமனார் முகத்தில் பெரிய பாரம் இறங்கியது போல ஒரு நிம்மதி தெரிந்தது. வாத்தியார் காதோடு சொல்வதாக நினைத்துக்கொண்டு, அந்த நிசப்தத்தில் எட்டுப் பேருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“அப்பாடா, உங்க ஒருத்தருக்காவது கேட்டுச்சே சார், மாப்பிள்ளைங்க ரெண்டு பேர்கிட்டயும் சத்தத்தைக் குறைங்கன்னு வாய்விட்டுச் சொல்லக் கூச்சமா இருக்கு, அந்த ஒரு பாட்டுலதான் நடுவுல ரெண்டு செகண்ட் அமைதி வருதா, அங்க இருந்தப்பவும் சரி, இங்க வந்தும் சரி, அந்த இடமாப் பாத்து இருமிக்கிட்டே இருக்கேன்.”